எந்த வின்டோஸ், எப்போது மாறுவது? 25 வருடக் கேள்வி ஒன்றின் வரலாறு

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. அதிலிருந்து பெற்றோரும் பழைய மாணவர்களும் எங்களிடம் கேட்பது ஒரே விஷயம்தான். "சேர், 11க்கு மாறனுமா? ஹோமா, ப்ரோவா? இந்த லெப்டொப்ப வித்துட்டு வேற எடுக்கவா?" ஆளுக்கு ஆள் வொட்ஸ்அப்பில் பதில் போடுவதை விட, இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம். பதிவு நீளமானது. ஆனால் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் ரூபாய் செலவழிக்கும் தீர்மானம் என்பதால் வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

1990களில் இந்தக் கேள்வி இருக்கவில்லை. அப்போது வின்டோஸ் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள். வின்டோஸ் 95, 98 ஆகியவை பழைய டொஸ் அத்திவாரத்தின் மேல் கட்டப்பட்டவை, வீட்டுக்கானவை. வின்டோஸ் என்டி, பிறகு 2000 ஆண்டு பெப்ரவரியில் வந்த வின்டோஸ் 2000 ஆகியவை அலுவலகத்துக்கானவை. உள்ளே இருந்த இயந்திரமே வேறு. வீட்டுக்காரர் 98 போடுவார், வங்கிக்காரர் 2000 போடுவார், அவ்வளவுதான்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் அந்த வித்தியாசம் பெரியது. யுனிகோட் தமிழைச் சரியாகக் காட்டத் தெரிந்த முதல் வின்டோஸ், வின்டோஸ் 2000தான். லதா என்ற எழுத்துரு அதோடுதான் வந்தது. 98இல் தமிழ் என்றால் பாமினி மாதிரியான எழுத்துருக்கள். ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். கணினியோ தான் ஆங்கிலம் அடிப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். பாமினி இல்லாத கணினியில் வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வருவது இதனால்தான். இலங்கையில் இன்றைக்கும் எத்தனையோ பாடசாலைகளின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் பாமினியில்தான் அடிக்கப்படுகின்றன என்பதை இதை வாசிக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள்.

2001 ஒக்டோபர் 25இல் வின்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் இரண்டு குடும்பமும் ஒன்றானது. என்டி அத்திவாரம் வீட்டுக்கும் வந்தது. ஆனால் ஒரே பொருளை ஒரே விலைக்கு விற்க எந்தக் கம்பனிக்கு மனம் வரும்? ஹோம் என்றும் ப்ரொபெஷனல் என்றும் இரண்டு பெட்டி போட்டார்கள். அமெரிக்காவில் ஹோம் 199 டொலர், ப்ரொபெஷனல் 299 டொலர். உள்ளே இருந்தது ஒரே அத்திவாரம். அலுவலக வலையமைப்பில் மத்திய சேவையகத்தோடு இணைவது, தூரத்திலிருந்து அந்தக் கணினியை இயக்குவது, கோப்புகளை மறைகுறியாக்குவது போன்ற சில கதவுகளை ஹோமில் பூட்டி வைத்தார்கள். பாட்டுக் கேட்கும், வேர்டில் கடிதம் அடிக்கும், பிள்ளைக்குப் பெயின்ட் பழக்கும் வீட்டுக்கு அந்தக் கதவுகள் பூட்டியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன?

எமக்கு முக்கியமான கதவு இரண்டு பெட்டியிலும் இருந்தது. அதைத் தேடித் திறக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கொன்ட்ரோல் பெனலில் மொழி அமைப்புக்குப் போய் ஒரு சின்னப் பெட்டியில் சரி அடையாளம் போட்டு, எக்ஸ்பி இறுவட்டைச் செருகினால்தான் யுனிகோட் தமிழ் முழுமையாக வேலை செய்யும். வலமிருந்து இடமாக எழுதும் அறபுக்கும் அதே பெட்டிதான். தமிழும் அறபும் ஒரே பக்கத்தில் வேண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு ஒரே சொடுக்கில் இரண்டும் கிடைத்தன. 2007இல் வந்த விஸ்டாவிலிருந்து இந்தச் சிரமமும் இல்லாமல் போனது.

ஆனால் எங்கள் ஊர்களில் ஹோமா, ப்ரொபெஷனலா என்று யாரும் யோசித்ததில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். நூறு ரூபாய் இறுவட்டில் வந்தது எப்போதும் ப்ரொபெஷனல்தான். பெரிய கம்பனிகளுக்காகச் செய்த ப்ரொபெஷனல் பதிப்புக்கு இன்டர்நெட் மூலம் பதிவு செய்யும் தேவை இருக்கவில்லை. ஒரே திறவுகோல் ஆயிரம் கணினிக்கும் போதும். அப்படி ஒரு திறவுகோல் களவாக வெளியே வந்து உலகம் முழுக்கப் பரவியது. விலை என்ற ஒன்று இல்லாத இடத்தில் எல்லோரும் ஆக உயர்ந்ததைத்தான் எடுப்பார்கள். விஸ்டாவிலும் வின்டோஸ் 7இலும் நாடு முழுக்க "அல்டிமேட்" நிறைந்திருந்ததும் இதே கணக்கில்தான். அமெரிக்காவில் விஸ்டா அல்டிமேட் 399 டொலர். இங்கே சாப்பாட்டுப் பார்சல் விலை.

இது ஹராமா ஹலாலா என்ற விவாதத்தை உலமாக்களிடம் விடுவோம். நாம் சொல்ல வருவது அதன் தொழில்நுட்ப விளைவை.

2002இல் எக்ஸ்பிக்கு வந்த முதலாவது சர்வீஸ் பெக், களவாகப் பரவிய திறவுகோல்களைக் கண்டால் நிறுவ மறுத்தது. 2006இல் போலிக் கொப்பிகளுக்குத் திரையில் எச்சரிக்கை காட்டும் அப்டேட் வந்தது. 2010இல் வின்டோஸ் 7க்கும் அதேபோல ஒன்று வந்தது. பிடிபட்டால் திரையின் பின்னணி கறுப்பாகிவிடும். கடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? வின்டோஸ் போட்டுக் கொடுக்கும்போதே அப்டேட்டை நிறுத்தி வைத்தார்கள். "அப்டேட் போட்டா கம்பியூட்டர் பழுதாகும்" என்ற நம்பிக்கை எங்கள் ஊர்களில் பிறந்தது இப்படித்தான். பழுதானது கணினி அல்ல, களவுக் கொப்பி. ஆனால் அந்தப் பயம் இன்றைக்கும், முறையான வின்டோஸ் வைத்திருப்பவரிடமும் இருக்கிறது.

அதற்கு நாம் கொடுத்த விலை சின்னதல்ல. 2003 ஓகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு உலகம் முழுக்கப் பரவியது. "60 செக்கனில் கணினி நிற்கப் போகிறது" என்று திரையில் எண்ணிக்கொண்டே வந்து அணைந்து போகும். அதற்கான பாதுகாப்பு ஒட்டை மைக்ரோசொப்ட் ஒரு மாதத்துக்கு முன்பே, ஜூலையில் வெளியிட்டிருந்தது. 2008 கடைசியில் கொன்பிக்கர் வந்தது. அதற்கும் ஒட்டு ஒக்டோபரிலேயே வந்திருந்தது. கொன்பிக்கர் பென் ட்ரைவ் மூலமும் பரவியது. செருகியவுடன் தானாகவே இயங்கும் வசதியைப் பயன்படுத்தியது. அந்த வசதியை நிறுத்தும் அப்டேட்டை 2011 பெப்ரவரியில் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் பரவலாக அனுப்பினார்கள். அப்டேட் நிறுத்தப்பட்ட கணினிகளுக்கு அது போய்ச் சேரவில்லை. 2000களில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு நடந்த இடைநிலைக் கல்வி நவீனமயமாக்கல் திட்டத்தின் கீழ் பல பாடசாலைகளுக்குக் கணினிக் கற்கை நிலையங்கள் கிடைத்தன. அந்தக் காலத்தில் படித்தவர்களுக்கு, வகுப்புக்கு ஒரு பென் ட்ரைவ் சுற்றிவந்ததும் அதற்குப் பின்னால் வைரஸ் சுற்றிவந்ததும் ஞாபகம் இருக்கும்.

விஸ்டாவின் கதை தனியானது, இன்றைய கேள்விக்கு ஆக நெருக்கமானதும் அதுதான். அது பொதுமக்களுக்கு வந்தது 2007 ஜனவரி 30இல். அதற்கு முந்திய வருடமே, விற்பனையில் இருந்த எக்ஸ்பி கணினிகளில் "விஸ்டாவுக்குத் தகுதியானது" என்ற ஸ்டிக்கரை ஒட்ட ஆரம்பித்தார்கள். வாங்கியவர்கள் விஸ்டா போட்டுப் பார்த்தால், விளம்பரத்தில் வந்த கண்ணாடி மாதிரியான திரையெல்லாம் அவற்றில் பல கணினிகளில் ஓடவில்லை. ஹோம் பேசிக் என்ற அடித்தட்டுப் பதிப்பு மட்டும்தான் ஓடியது. அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். வழக்கில் வெளியான கம்பனியின் உள்மின்னஞ்சல்களில், இன்டெல்லின் பழைய சிப்களுக்கு இடம் கொடுக்கத் தகுதியைத் தளர்த்தியது பற்றி உள்ளுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது தெரிந்தது. மைக்ரோசொப்டின் உயரதிகாரி ஒருவரே 2,100 டொலர் கொடுத்து வாங்கிய கணினி மின்னஞ்சல் பார்க்க மட்டும்தான் உதவுகிறது என்று எழுதியிருந்தார். வழக்கு 2009இல் கூட்டு வழக்கு என்ற தகுதியை இழந்தது. அது வேறு விஷயம்.

விஸ்டாவில் பதிப்புகள் ஆறு. ஸ்டார்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிஸ்னஸ், என்டர்பிரைஸ், அல்டிமேட். கடையில் விற்ற டிவிடியில் வீட்டுப் பதிப்புகளும் பிஸ்னஸும் அல்டிமேட்டும் ஒன்றாகவே இருந்தன. நீங்கள் அடிக்கும் திறவுகோல்தான் எது திறக்கும் என்பதைத் தீர்மானித்தது. பதிப்பு என்பது என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

விஸ்டாவைத் தவிர்த்து எக்ஸ்பியிலேயே இருந்தவர்கள் அப்போது புத்திசாலிகள். 2009 ஒக்டோபர் 22இல் வின்டோஸ் 7 வந்தது. அது விஸ்டாவை விட இலேசானது. ஆனால் எக்ஸ்பியிலிருந்து நேராக ஏற முடியாது. கோப்புகளை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். இங்கே நம்மில் பலர் சோம்பல்பட்டோம். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இல் ஆயுள் முடிந்தது. அதற்குப் பிறகும் வருடக் கணக்கில் கொமியூனிகேஷன் கடைகளிலும் அலுவலகங்களிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. தவிர்ப்பது புத்திசாலித்தனமாக இருந்த காலம் எப்போது முடிந்தது என்பதை நாங்கள் யாரும் கலண்டரில் குறித்து வைக்கவில்லை.

2012இல் வந்த வின்டோஸ் 8ஐக் கடந்து போவோம். ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டார்கள், மக்களும் அதை எடுக்கவில்லை.

2015 ஜூலை 29இல் வின்டோஸ் 10 வந்தபோது முதன்முறையாக விலை பூச்சியமானது. 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம். ஹோம் பதிப்பில் இருந்தவருக்கு ஹோம், ப்ரொபெஷனலில் இருந்தவருக்கு ப்ரோ. இலவசம் என்றாலும் பிடிவாதம் பொல்லாதது. 2016 மே மாதம், மாறச் சொல்லும் பெட்டியின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறித்த நேரத்தில் மாற்றம் நடந்தே தீரும் என்ற நிலை வந்து பெரிய சர்ச்சையானது. கலிபோர்னியாவில் சிறிய பயண முகவர் நிலையம் நடத்திய பெண் ஒருவர், தன் அலுவலகக் கணினி இந்த மாற்றத்தால் பயன்படாமல் போனது என்று வழக்குப் போட்டு 10,000 டொலர் பெற்றார். அதற்கு முந்திய வருடம் கம்பனியின் ஊழியர் ஒருவர் மாநாட்டில், இதுதான் கடைசி வின்டோஸ் என்ற அர்த்தத்தில் பேசியிருந்தார். அதை நம்பியவர்கள் நிறையப் பேர்.

2017 மே 12இல் வனாக்ரை வந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டொலர் கப்பம் கேட்டது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள். பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைகள் நின்றுபோயின. இதில் கவனிக்க வேண்டியது: பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல. அப்போது இன்னும் ஆயுள் இருந்த வின்டோஸ் 7. மார்ச் மாதமே வந்த ஒட்டை அவற்றில் போடவில்லை. ஆகவே பழையதா புதியதா என்பதை விட, அப்டேட் வருகிறதா, வந்தால் போடுகிறோமா என்பதுதான் கேள்வி. நாம் 25 வருடமாக மற்றக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போது 11க்கு வருவோம். 2021 ஒக்டோபர் 5இல் வெளியானது. விஸ்டாவில் தகுதியைத் தளர்த்தி அடி வாங்கியவர்கள் இம்முறை இறுக்கிப் பிடித்தார்கள். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை, அதாவது பெரும்பாலும் 2017 கடைசிக்குப் பிந்திய சிப். 4 ஜிபி ரெம், 64 ஜிபி சேமிப்பு, இரகசியத் திறவுகோல்களைப் பாதுகாக்கும் டிபிஎம் 2.0 என்ற பாகம். 32 பிட் பதிப்பு அடியோடு இல்லை. பாதுகாப்புக்காக என்றார்கள், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான கணினிகள் ஒரே நாளில் தகுதி இழந்ததும் உண்மை.

எங்கள் ஊர்களில் இது உறைப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு சூம் வகுப்பு ஆரம்பித்தபோது, வீட்டுக்கு வீடு வாங்கியது வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட பாவித்த லெப்டொப்கள். அவற்றில் அதிகமானவை 4ஆம், 5ஆம், 6ஆம் தலைமுறை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது புதியது வாங்கும் கனவும் போனது. சிலர் நகை அடகு வைத்து வாங்கிய லெப்டொப்கள் இவை. அவற்றைத்தான் இப்போது "இனிச் சரிவராது" என்று சொல்லி அரை விலைக்குக் கேட்கிறார்கள். கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

முதலில் சிப்பைப் பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் ஐ5-6300 என்பது மாதிரி ஒரு பெயர் இருக்கும். கோட்டுக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் பெரும்பாலும் முதல் இலக்கம் தலைமுறை, இங்கே 6. ஐ5-8250 என்றால் 8. 8உம் அதற்கு மேலும் என்றால் 11க்கு இலவசமாகப் போகலாம், போவதே நல்லது. கணினி மெதுவாக இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வின்டோஸ் அல்ல, சுழலும் ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி ஒன்றும் 8 ஜிபி ரெம்மும் போட்டுப் பாருங்கள்.

தலைமுறை குறைவு என்றால் வின்டோஸ் 10ஐ இன்னும் கொஞ்சக் காலம் வைத்திருக்க வழி இருக்கிறது. நீடித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு ஒட்டுகள் வரும். 30 டொலர் கட்டலாம். அல்லது மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பெக்அப் செய்ய அனுமதித்தால் இலவசம். கல்வி நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் வருடம் 1 டொலர், அடுத்தது 2, மூன்றாவது 4 என்று தனி விலை வைத்திருக்கிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் இதைப் பற்றி வலயக் கல்வி அலுவலகத்தில் பேசலாம். தகுதி இல்லாத கணினியில் குறுக்கு வழியால் 11 போட்டுத் தருவதாகச் சொல்பவர்களும் உண்டு. ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தரவில்லை. விளையாட்டுக்கு வைத்திருக்கும் கணினி என்றால் பரவாயில்லை. பிள்ளைகளின் புள்ளிப் பதிவுகள் இருக்கும் கணினியில் நாங்கள் அதைச் செய்யமாட்டோம்.

லினக்ஸையும் பயமில்லாமல் பாருங்கள். லினக்ஸ் மின்ட், உபுண்டு இரண்டும் இலவசம். உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு 5 வருடம் அப்டேட் வரும். கடலுக்கு அந்தப் பக்கம் கேரள அரசுப் பாடசாலைகள் 2000களிலேயே இதற்கு மாறிவிட்டன. சூம், இன்டர்நெட், கடிதம் அடிப்பது எல்லாம் நடக்கும்.

பதிப்பு விஷயத்துக்கு வந்தால், வீட்டுக்கு ஹோம் போதும். பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர்கள் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று கட்டுப்படுத்த வேண்டுமென்றால் ப்ரோ அல்லது எடியுகேஷன் உதவும். இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: வின்டோஸ் 8 காலத்துக்குப் பின், தயாரிப்பாளரே வின்டோஸ் போட்டு விற்ற லெப்டொப்களில் அதன் திறவுகோல் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும். வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து வரும் பாவித்த லெப்டொப்களில் அது பெரும்பாலும் ப்ரோ. நீங்கள் காசு கொடுத்த லைசன்ஸ் உங்கள் கையிலேயே இருக்க, அதன் மேல் களவுக் கொப்பியை ஏற்றி, அப்டேட்டையும் நிறுத்தித் தருகிறார்கள். புதிதாகப் போடும்போது அதே பதிப்பைப் போட்டால் தானாகவே பதிவாகிவிடும். கடையில் கொடுக்கும் முன் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். வின்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோமிலும் கூடப் பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே மறைகுறியாக்கப்படும். அதைத் திறக்கும் மீட்புத் திறவுகோல் அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். வேலையைச் சுலபமாக்கக் கடைக்காரர் தன் மின்னஞ்சலைக் கொடுத்து முடித்துவிட்டால், உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்களின் திறப்பு அவரிடம். உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள், கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2019இல் வந்த அப்டேட்டோடு வின்டோஸ் 10இல் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே வந்துவிட்டன, 11இலும் உண்டு. புதிதாக அடிப்பவற்றை யுனிகோடில் அடியுங்கள். ஆனால் மாறுவதற்கு முன், வினாத்தாள்களை எடுத்து வைக்கும் அதே பென் ட்ரைவில் பாமினி எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள். புதிதாகப் போடும் வின்டோஸில் அது இருக்காது. அது இல்லாமல் போன தவணை வினாத்தாள் திறக்கும். திறந்தாலும் வாசிக்க முடியாது.